வீட்டிலேயே பளிச் சிவப்பு முடியைப் பராமரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருப்பு முடியை பிளீச் செய்து அதன் மேல் பளிச்சென்று சிவப்பு ஏற்றிக்கொண்டவர்களும், ஏற்றலாமா என்று யோசிப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பார்லரில் கலர் போடும் வேலையில் இருக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன், சிவப்பு நிற்பதும் போவதும் பெரும்பாலும் உங்கள் வீட்டுக் குளியலறையில்தான் முடிவாகிறது. அளவோடு ஒரே ஒரு பிளீச், அதன் பிறகு தண்ணீரில் சிக்கனம், வாராவாரம் வீட்டிலேயே கொஞ்சம் நிறம் ஊட்டுவது என்று மூன்று விஷயங்கள் போதும். சென்னை மாதிரி வெயிலும் உப்புத் தண்ணீரும் உள்ள ஊரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

சிவப்பு மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் வெளுத்துப் போகிறது?

முடியின் வெளிப்புறம் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள் அடுக்கியது. அந்தச் செதில்களுக்கு உள்ளே நிறம் எவ்வளவு ஆழமாகப் போய் உட்காருகிறது, எவ்வளவு பெரிய மூலக்கூறாக உட்காருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது நிலைக்கும்.

பெர்மனன்ட் டையில் சின்னச் சின்ன ரசாயனங்கள் முடிக்குள் நுழைந்து, பெராக்சைடு என்ற வெளுக்கும் ரசாயனத்தோடு சேர்ந்து, உள்ளேயே நிறமாக மாறுகின்றன. கருப்பும் பழுப்பும் தருகிற மூலக்கூறுகள் அங்கே பெரியதாக வளர்ந்து மாட்டிக்கொள்கின்றன. சிவப்பு தருகிறவை அவற்றைவிடச் சிறியவை. அதனால் ஒவ்வொரு குளியலிலும் எளிதாக நழுவி வெளியேறுகின்றன. செமி பெர்மனன்ட் சிவப்பு என்றால் அது ஏற்கெனவே தயாரான நிறம். எந்த ரசாயன மாற்றமும் இல்லாமல் முடியின் மேலடுக்குகளில் ஒட்டிக்கொள்வதால் கழுவக் கழுவப் போகும்.

இதோடு பிளீச்சின் விளைவும் சேர்கிறது. இயற்கையான முடியின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று பிறவியிலேயே ஒட்டியிருக்கும். தண்ணீரை விலக்குவது அதுதான். பிளீச் அதை அழித்துவிடுகிறது. சாதாரண முடியே நனைந்தால் ஏறக்குறைய 15 சதவீதம் தடிக்கும். பிளீச் செய்த முடி இன்னும் அதிகமாகத் தண்ணீரைக் குடிக்கிறது. அப்படி உப்பும்போது செதில்கள் விலகி நிறம் கரைகிறது. வெயிலும் தன் பங்குக்குச் சிவப்பைத் தின்கிறது.

பளிச் சிவப்புக்கு எந்த டை வாங்க வேண்டும்?

பெர்மனன்ட் பெட்டி டையை நேராகக் கருப்பு முடியில் போட்டால், அட்டையில் இருக்கும் பெண்ணின் நிறம் வராது. வெயிலில் நின்றால் மட்டும் தெரிகிற ஒயின் சாயல்தான் கிடைக்கும். கருப்பு நிறமியை அந்த அளவுக்கு வெளுக்கும் சக்தி அந்த டைக்குக் கிடையாது.

பளிச்சென்று வேண்டுமானால் பிளீச் செய்த முடியின் மேல் செமி பெர்மனன்ட் சிவப்புதான் சரி. சீக்கிரம் போகும் என்பது உண்மை. ஆனால் அதில் பெராக்சைடும் அம்மோனியாவும் இல்லாததால் எத்தனை முறை மறுபடி போட்டாலும் முடி கெடாது. வீட்டில் பராமரிக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

வாங்கும்போது நிறத்தின் சாய்வைப் பாருங்கள். ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பு, வெளுக்கும்போது செம்பு நிறமாகி இறங்கும். நம்முடைய தோல் நிறத்துக்கு அந்தக் கட்டமும் அழகாகவே இருக்கும். நீலம் கலந்த செர்ரிச் சிவப்பு, ரோஸ் நிறமாக இறங்கும்.

முடியை எவ்வளவு வெளுக்க வேண்டும்? மஞ்சள் ஆகும் வரையா?

வேண்டாம். கருப்பு முடி பிளீச்சில் கருப்பிலிருந்து செம்பழுப்பு, பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள் என்று படிப்படியாக இறங்குகிறது. பார்லர் கணக்கில் கருப்பு 1, மிக வெளிறிய பொன்னிறம் 10. நீலமோ வயலட்டோ வேண்டுமானால் 9, 10 வரை போக வேண்டியிருக்கும். சிவப்புக்கு 7 போதும். அதாவது பளிச்சென்ற ஆரஞ்சு. அந்த ஆரஞ்சே சிவப்புக்கு அடித்தளமாக நின்று உதவுகிறது.

இன்னும் வெளுத்தால் சிவப்பு கூடுதலாகப் பளிச்சிடும் என்று பலர் நம்புகிறார்கள். வெளிர் மஞ்சள் மேல் போட்ட சிவப்பு ரோஸ் கலந்து வரும், முடி பஞ்சாகும், பஞ்சான முடியில் நிறம் நிற்காது. கருப்பு முடிக்காரர்களுக்கு விதவிதமான பளிச் நிறங்களில் மிகக் குறைந்த சேதத்தோடு கிடைப்பது சிவப்புதான். அந்த நல்வாய்ப்பை வீணாக்காதீர்கள்.

வீட்டில் பிளீச் செய்வதாக இருந்தால் 20 வால்யூம் டெவலப்பர், அதாவது 6 சதவீத பெராக்சைடு, போதும். 40 வால்யூம் பக்கமே போக வேண்டாம். உலோகக் கிண்ணம் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிளீச் தூளில் உள்ள பெர்சல்ஃபேட் சிலருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பும். ஆஸ்துமா இருந்தால் வீட்டில் இந்த வேலை வேண்டாம்.

வாரத்துக்கு எத்தனை முறை தலைக்குக் குளிக்கலாம்?

இரண்டு முறை. முடிந்தால் ஒரு முறை.

தினமும் தலைக்குக் குளித்துப் பழகியவர்களுக்கு இது கஷ்டம்தான், அதுவும் மே மாதத்தில். மற்ற நாட்களில் தலைக்கு ஷவர் கேப் போட்டுக்கொண்டு உடம்புக்கு மட்டும் குளியுங்கள். வியர்வை கசகசத்தால் ஈரத்துணியைப் பிழிந்து, வகிடு வகிடாக எடுத்து உச்சந்தலையை மட்டும் துடைத்துவிட்டு, ஃபேன் காற்றில் காய விடுங்கள். வெறும் தண்ணீர்தானே என்று ஷவரில் நின்று அலசினால் ஷாம்பு இல்லாவிட்டாலும் நிறம் போகும்.

தண்ணீரின் சூடு முக்கியம். ஹீட்டர் போடாவிட்டாலும் மொட்டை மாடித் தொட்டியில் பகல் முழுக்கக் காய்ந்த தண்ணீர் மத்தியானத்தில் குழாயைத் திறந்தால் சுடச்சுட வருகிறது. கோடையில் தலைக்குக் குளிப்பதை விடியற்காலைக்கு மாற்றுங்கள். இந்த ஒரு மாற்றத்தால் மட்டும் நிறம் கூடுதலாக நின்றதை நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர். உப்பு அதிகம். என்ன செய்வது?

நம் ஊரில் சிவப்பு மங்குவதற்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று. ஆனால் அநேகமாக யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை, டையைத்தான் குறை சொல்கிறார்கள்.

உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பிளீச் செய்த முடியில் படிந்து ஒரு மங்கலான திரை போடுகின்றன. நிறம் உள்ளே இருந்தாலும் வெளியே பொலிவு தெரியாது. முடி சொரசொரப்பாகும், நுரை வராது, நுரை வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் ஷாம்பு ஊற்றுவோம். அதில் மிச்ச நிறமும் போகும். தண்ணீரில் இரும்பு அதிகமிருந்தால் சிவப்பு துருப்பிடித்த பழுப்பாகிவிடும்.

முழுக் குளியலுக்கும் நல்ல தண்ணீர் வேண்டியதில்லை. அலசலை மட்டும் மாற்றினால் போதும். கேன் தண்ணீரோ, சமையலறை ஆர்.ஓ. தண்ணீரோ ஒன்றரை லிட்டர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல் குளித்து முடித்து, கடைசியாக இந்தத் தண்ணீரை மக்கில் எடுத்துத் தலையைக் குனிந்து மெதுவாக ஊற்றி முடியுங்கள். மாதம் ஒருமுறை அரை லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் கலந்து ஊற்றலாம். லேசான புளிப்பு செதில்களைப் படிய வைக்கும், படிந்த உப்பையும் கொஞ்சம் கரைக்கும்.

உப்பை மொத்தமாக எடுக்கும் கிலாரிஃபையிங் ஷாம்பு கடையில் கிடைக்கிறது. அது நிறத்தையும் சேர்த்து எடுக்கும். அதனால் புதிதாகக் கலர் போடப்போகும் நாளில், போடுவதற்கு முன் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

எந்த ஷாம்பு? சீயக்காய் போடலாமா?

சல்ஃபேட் (நுரைக்காகவும் அழுக்கு எடுக்கவும் சேர்க்கும் ரசாயனம்) இல்லாத, கலர் போட்ட முடிக்கான எந்த ஷாம்பும் சரி. விலை அதிகமானதுதான் வேலை செய்யும் என்பதில்லை. உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் கரைத்து, உச்சந்தலையில் மட்டும் தேயுங்கள். வழிந்து இறங்கும் நுரையே நுனிக்குப் போதும்.

குளியல் சோப்பைத் தலைக்குப் போடும் பழக்கம் ஆண்களிடம் நிறைய இருக்கிறது. சோப்பின் காரத்தன்மை செதில்களை விரியத் திறந்துவிடும். சிவப்பு முடிக்கு அது ஆகவே ஆகாது.

சீயக்காய், அரப்பு இரண்டும் நல்ல பொருட்கள்தான். சிக்கல் அவற்றின் தூளில் இருக்கிறது. பிளீச் செய்த முடியில் தூளை வைத்துத் தேய்த்தால் உராய்வில் செதில் உடையும், அந்தத் தூளை வெளியேற்றக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சீயக்காய் இல்லாமல் முடியாது என்பவர்கள் கொதிக்க வைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, தெளிந்த சாற்றை மட்டும் உச்சந்தலைக்குப் பயன்படுத்துங்கள்.

பொடுகு ஷாம்பு தேவைப்பட்டால் தலைத்தோலில் மட்டும் படும்படி போடுங்கள். செலினியம் சல்ஃபைடு உள்ளவை நிறத்தையே மாற்றிவிடக்கூடும்.

எண்ணெய் வைக்கலாமா, கூடாதா? வீட்டில் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் கட்டாயம்.

இந்தக் கேள்விக்கு "கூடவே கூடாது" என்று பதில் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிளீச் செய்த முடிக்குத் தேங்காய் எண்ணெய் செய்கிற நன்மை வெறும் பாட்டி வைத்தியம் அல்ல. மும்பையைச் சேர்ந்த ரேலே, மொஹிலே என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறிப்பிடத்தக்க அளவில் தடுத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். சேதமான முடியிலும் அதே முடிவு. தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. அதனால் முடிக்குள் நுழைகிறது. குளிப்பதற்கு முன் வைத்தால் முடி தண்ணீரைக் குடித்து உப்புவதும் குறைகிறது.

அப்படியானால் எண்ணெய் வைத்தால் சிவப்பு போகிறது என்று ஏன் சொல்கிறார்கள்? வழிய வழிய எண்ணெய் வைத்து, அதை எடுக்க மூன்று தடவை ஷாம்பு போட்டுக் கரகரவென்று தேய்ப்பதால் போகிறது. காய்ச்சிய சூட்டோடு வைத்தாலும் நிறம் கசியும்.

எனவே அளவைக் குறையுங்கள். ஒரு டீஸ்பூன், தோள் வரை முடி இருந்தால் இரண்டு. சுட வைக்க வேண்டாம். காதுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும் தடவி, ஒரு மணி நேரம் விட்டு, முதலில் கண்டிஷனரைத் தேய்த்து எண்ணெயை இளக்கி, பிறகு ஒரே ஒரு முறை ஷாம்பு. உச்சந்தலைக்கு எண்ணெய் வேண்டும் என்று அம்மா வற்புறுத்தினால் விரல் நுனியால் தொட்டு வைத்தால் போதும். தீபாவளிக் காலையில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பதையும் விட்டுவிட வேண்டியதில்லை. மறுமுறை நிறம் ஊட்டும் நாளை அதற்கு அடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நிறம் ஊட்டுவது என்கிறீர்களே, அது எப்படி?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் பின்பற்ற முடியும் என்றால், இதைப் பின்பற்றுங்கள்.

வெள்ளை நிறக் கண்டிஷனர் நான்கு ஸ்பூன், உங்கள் செமி பெர்மனன்ட் சிவப்பு ஒரு ஸ்பூன். பிளாஸ்டிக் டப்பாவில் கலந்து மூடி வையுங்கள். தண்ணீரோ டெவலப்பரோ சேர்க்கக் கூடாது. வெளிர் ரோஸாகத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் டை சேருங்கள். கலவை பார்க்கவே நல்ல சிவப்பாக இருக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை ஷாம்பு போட்ட பிறகு முடியைப் பிழிந்து, பழைய துணியால் ஒற்றியெடுங்கள். தண்ணீர் சொட்டச் சொட்டப் போட்டால் நிறம் ஏறாது. கையுறை போட்டுக்கொண்டு, நுனியில் தொடங்கி மேலே போங்கள், ஏனென்றால் நுனிதான் முதலில் வெளுக்கிறது. பல் அகலமான சீப்பால் ஒருமுறை வாரி, கொண்டையாகச் சுருட்டி 20 நிமிடம் விடுங்கள். பிறகு குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். தண்ணீர் முழுக்கத் தெளிந்து வரும் வரை அலசிக்கொண்டே இருக்க வேண்டாம். லேசான ரோஸ் நிறத்தில் வரும்போதே நிறுத்திவிட்டு, கடைசி மக் நல்ல தண்ணீரோடு முடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை, கண்டிஷனர் கலக்காத டையையே நேராகப் போடலாம். அன்று கண்டிஷனர் இல்லாமல் ஷாம்பு மட்டும் போட்டு, முடியை முழுக்கக் காய வைத்து, நான்கு பாகமாகப் பிரித்துப் பூசி, கேப் மாட்டி ஒரு மணி நேரம். பெராக்சைடு இல்லாததால் பத்து நிமிடம் கூடினாலும் பயமில்லை.

நிறம் ரொம்ப ஆரஞ்சாக இறங்கிவிட்டால் கலவையில் துளி மெஜந்தா சேருங்கள். பொன்னிற முடிக்கான வயலட் ஷாம்பு, நீல ஷாம்பு இரண்டும் சிவப்புக்கு வேண்டாம், மங்கிப்போகும்.

வேரில் கருப்பு வளர்ந்துவிட்டது. மறுபடி பிளீச் செய்யலாமா?

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். வளர்ந்த கருப்பில் மட்டும் பிளீச் போட வேண்டும், ஏற்கெனவே வெளுத்த முடியில் ஒரு நூல் அளவும் ஏறக் கூடாது. ஏறிய இடத்தில்தான் பின்னால் முடி அறுந்து விழுகிறது. சிவப்புப் பகுதியில் கண்டிஷனரைத் தடிமனாகப் பூசி மறைத்துக்கொள்ளுங்கள். தலைத்தோலின் சூடு படுகிற இடத்தில் பிளீச் வேகமாக வேலை செய்யும். அதனால் வேர் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் தாண்டுவதற்குள் செய்தால் சீராக வரும். அதற்குமேல் விட்டால் பட்டை பட்டையாக வேறு வேறு நிறம் தெரியும்.

பின்மண்டை கண்ணுக்குத் தெரியாது என்பதால் இதைத் தனியாகச் செய்யாதீர்கள். கூட ஒருவர் வேண்டும். என்னைக் கேட்டால், வேரைக் கருப்பாகவே விட்டு அதிலிருந்து சிவப்பு இறங்குகிற மாதிரி வைத்துக்கொள்வதுதான் நல்லது. கருப்பு முடிக்கு அது இயல்பாகப் பொருந்துகிறது, தலைத்தோலும் பிழைக்கிறது.

மருதாணி போட்டால் இயற்கையாகவே சிவப்பு வருமே?

மருதாணியில் உள்ள லாசோன் என்ற நிறப்பொருள் முடியின் புரதத்தோடு ஒட்டி ஆரஞ்சுச் சிவப்பு தருகிறது. அது நிலையானது. ஆனால் கருப்பு முடியின் மேல் வெயிலில் மட்டுமே தெரியும். பிளீச் செய்த முடியின் மேல் போட்டால் செம்பு நிறம் வரும், பளிச் சிவப்பு வராது.

எச்சரிக்கை ஒன்று உண்டு. "ஹென்னா" என்று விற்கும் பாக்கெட்டுகள் எல்லாமே வெறும் மருதாணி இலை அல்ல. சிலவற்றில் உலோக உப்புகள் இருக்கும். அதன் மேல் பிளீச் போட்டால் முடி சூடேறிப் புகையும், அறுந்தும் போகலாம். அவுரி கலந்தது என்றால் பிளீச்சில் பச்சை அடிக்கக்கூடும். முன்பு எதையாவது போட்டிருந்தால், சீப்பில் வந்த முடியைச் சேர்த்து அதில் பிளீச்சைச் சோதித்துப் பாருங்கள். சூடேறினால் அத்தோடு நிறுத்துங்கள்.

பீட்ரூட், செம்பருத்தி, வடிகஞ்சி, எலுமிச்சை?

பீட்ரூட்டின் நிறம் ஒரு குளியலுக்குக்கூட நிற்காது. செம்பருத்தி இலை வழுவழுப்புக்கு நல்லது, நிறத்துக்கு அல்ல. வடிகஞ்சி எப்போதாவது போடலாம், அடிக்கடி போட்டால் முடி விறைக்கும். எலுமிச்சை வேண்டாம், வெயிலோடு சேர்ந்தால் நிறத்தை இன்னும் வெளுக்கும். சமையல் சோடாவும் வேண்டாம்.

வண்டியில் போகிறேன். ஹெல்மெட், வெயில், நீச்சல் இதெல்லாம்?

ஹெல்மெட்டுக்குள் வியர்த்தால் சிவப்பு கசிந்து உள்துணியில் ஒட்டும், நெற்றியில் வழியும். மெல்லிய கருப்பு பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு அதன் மேல் ஹெல்மெட் போடுங்கள். வெளியே விழும் முடியைத் துப்பட்டாவுக்குள் செருகிக்கொள்ளுங்கள். மத்தியான வெயிலில் நடப்பவர்களுக்குக் குடை போல் நல்ல பாதுகாப்பு இல்லை.

நீச்சல் குளத்தின் குளோரின் நிறத்தைக் கொல்லும். இறங்குவதற்கு முன் நல்ல தண்ணீரில் முடியை நனைத்து, கண்டிஷனர் தடவி, கேப் போடுங்கள். ஏற்கெனவே நிறைந்திருக்கும் முடி குளத்துத் தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும். ஸ்ட்ரெயிட்னர் வைத்தால் 180 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஒருமுறை சூடு காட்டினாலே ஒரு குளியலுக்குச் சமமாக நிறம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

தலையணை, துண்டு, காது, பாத்ரூம் டைல்ஸ் எல்லாம் சிவப்பு!

துண்டும் தலையணை உறையும் கருநிறத்தில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஈரத் தலையோடு படுக்காதீர்கள். கலர் போடுவதற்கு முன் நெற்றி ஓரம், காது, கழுத்தில் வாஸ்லின் தடவினால் தோலில் ஒட்டாது. ஒட்டிவிட்டால் தேங்காய் எண்ணெய் வைத்து ஐந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். டைல்ஸ், பக்கெட், மக் எல்லாவற்றையும் உடனே கழுவிவிட வேண்டும், காய்ந்தால் இடுக்கில் பிடித்துக்கொள்ளும்.

அலர்ஜி வருமா?

வரலாம். இதற்கு முன் வராதவர்களுக்கும் வரலாம். பெர்மனன்ட் டைகளில் உள்ள பி.பி.டி. என்ற பொருள்தான் பெரும்பாலும் காரணம். கடைத்தெருவில் போடுகிற உடனடிக் கருப்பு மெஹந்தியிலும் அது இருக்கக்கூடும். அதில் எப்போதாவது கை கொப்பளித்திருந்தால் பெர்மனன்ட் டையைத் தொடவே தொடாதீர்கள். செமி பெர்மனன்டானாலும் முழங்கை மடிப்பில் சிறிது தடவி 48 மணி நேரம் பாருங்கள். டை போட்ட பின் கண் இமை வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

போதும், கருப்புக்கே திரும்ப வேண்டும் என்றால்?

கருப்புப் பெட்டி டையை எடுக்காதீர்கள். பஞ்சான முடி அதை மை மாதிரி குடித்துவிடும், பிறகு எடுப்பது மிகக் கடினம். சிவப்பு முழுக்க வெளுக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். முடியில் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருக்கும்போதே அதன் மேல் அடர் பழுப்பு செமி பெர்மனன்ட் போட்டால் இயல்பான நிறம் வரும். வெறும் வெளுத்த ஆரஞ்சின் மேல் சாம்பல் கலந்த பழுப்பு போட்டால்தான் சேற்றுப் பச்சை அடிக்கிறது. உங்களுக்கு வேண்டியதைவிட ஒரு படி வெளிறியதாகத் தேர்ந்தெடுங்கள், பிளீச் செய்த முடியில் எப்போதும் ஒரு படி கருத்தே வரும். பழுப்பும் சில வாரங்களில் மங்கும், மறுபடி போட்டுக்கொள்ளலாம். மேலே எந்த நிறம் இருந்தாலும் உள்ளே இருப்பது பிளீச் ஆன முடிதான். வெளுத்த பகுதி முழுக்க வெட்டி முடிகிற வரை எண்ணெய், கண்டிஷனர், கடைசி மக் நல்ல தண்ணீர் மூன்றையும் தொடருங்கள்.